இழுவையைக் கூட்டுமுன் கியர் பெட்டியைப் பாருங்கள்

சிறு விவசாயிகளின் வாசலில் மாட்டு வண்டி நின்ற இடத்தில் இன்று பழைய டீசல் பிக்கப் வண்டி நிற்கிறது. தக்காளியும் அவரையும் விடியுமுன் மார்க்கெட் சேர வேண்டும். திரும்பும்போது உரமும் புண்ணாக்கும் ஏற்றி வர வேண்டும். ஆகவே, வண்டி வாங்கிய சில மாதங்களிலேயே, "இன்னும் கொஞ்சம் இழுத்தால் நன்றாக இருக்குமே" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பட்டறையிலும் அதற்குச் சுலபமான வழி சொல்கிறார்கள். பழைய வண்டியானால் டீசல் பம்பின் திருகைக் கொஞ்சம் திருப்புவது. புதிய வண்டியானால் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டியின் கணக்கை மாற்றுவது. ஒரு மணி நேர வேலைதான். வண்டி மறுநாளே பாய்ந்து ஓடுகிறது.

இந்தப் பாய்ச்சலைக் கண்டு யாரும் மகிழ்ந்துவிட வேண்டாம் என்பதே என் கருத்து. எஞ்சினில் பிறக்கும் சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேரும் வழியைப் பலப்படுத்தாமல் எஞ்சினை மட்டும் கூட்டுவது, இளங்காளையை வாங்கி உளுத்துப்போன நுகத்தடியில் பூட்டுவதற்குச் சமம். காளை இழுக்கும்; நுகத்தடி முறியும்.

எங்கள் பக்கத்தில் நடந்தது

கொடைக்கானல் கீழ்மலைக்கு உரம் ஏற்றிச் சென்று, வாழையும் அவரையும் இறக்கி வரும் விவசாயி ஒருவர் எனக்குத் தெரிந்தவர். மலை ஏற வண்டி திணறுகிறது என்று பம்பைத் திருப்பிவிட்டார். பத்து நாள் வண்டி பறந்தது. பதினோராம் நாள், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. கருகிய நாற்றம் வந்தது. கிளட்ச் பிளேட் போய்விட்டது. பிளேட்டை மட்டும் மாற்றி ஓட்டினார். அடுத்து கியர் பெட்டிக்குள் பல் உடைந்தது. அறுவடை நேரத்தில் வண்டி ஒரு வாரம் பட்டறையில் கிடந்தது. பறித்த அவரை வாடகை வண்டிக்குக் காத்திருந்து முற்றிப்போயிற்று. பம்பைத் திருப்பக் கொடுத்த கூலி மிகச் சிறிது. அதனால் வந்த நஷ்டமோ ஒரு போகத்து லாபம்.

பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை. எஞ்சின் இழுக்கும் என்றார், இழுத்தது. மற்ற உறுப்புகள் தாங்குமா என்று இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கணக்கு எப்படிப் பெருகுகிறது?

எஞ்சின் தரும் முறுக்கு விசை 200 அலகு என்று வைத்துக்கொள்வோம். முதல் கியர் அதை 4 மடங்காக்கினால் 800. பின்னால் உள்ள கிரவுன் பினியன் மேலும் 4 மடங்காக்கினால் 3,200. எஞ்சினில் 50 அலகுதானே கூட்டினோம் என்று நினைப்போம். பின்னச்சுக்குப் போகும்போது அது 800 அலகு கூடுதலாக, மொத்தம் 4,000 ஆகிவிடுகிறது. பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் நின்று கிளம்பும் நேரத்தில் இந்தச் சுமை முழுவதும் கிளட்ச், கியர் பல், புரொப்பல்லர் ஷாஃப்ட், அச்சு ஆகியவற்றின் மேல்தான் விழுகிறது.

அமெரிக்கப் பண்ணைகள் கற்ற பாடம்

இந்தப் பாடத்தை அதிகச் செலவு செய்து கற்றவர்கள் அமெரிக்கப் பண்ணைக்காரர்கள். அங்கே மாடுகளையும் வைக்கோல் கட்டுகளையும் டிரெய்லரில் ஏற்றி இழுப்பது பிக்கப் வண்டிகள்தான். 1989-ஆம் ஆண்டு மாடலில் டாட்ஜ் பிக்கப் வண்டிக்குள் கம்மின்ஸ் நிறுவனத்தின் 6 சிலிண்டர், 5.9 லிட்டர் டீசல் எஞ்சின் வந்தது. நல்ல உழைப்பாளி எஞ்சின். பம்பைச் சிறிது மாற்றினாலே சக்தி மிகவும் கூடும். ஆனால் அந்த வண்டிகளில் பலவற்றில் இருந்தது ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி. அதாவது கிளட்ச் மிதியில்லாமல் தானே கியர் மாற்றிக்கொள்ளும் பெட்டி.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1996 முதல் 1998 வரை வந்த மாடல்களில், கையால் கியர் மாற்றும் வண்டிக்கு எஞ்சின் 215 குதிரைத் திறன். அதே எஞ்சின், ஆட்டோமேட்டிக் வண்டியில் 180 குதிரைத் திறன்தான். ஒரே எஞ்சினை, கியர் பெட்டி தாங்கும் அளவுக்குக் குறைத்தே கம்பெனி கொடுத்தது. வாங்கியவர்கள் பலர் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். எஞ்சின் தாங்கியது, ஆட்டோமேட்டிக் பெட்டிகள் கருகின.

ஆட்டோமேட்டிக் என்றாலே நோஞ்சான் என்று இதற்குப் பொருள் அல்ல. 2022-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பைப் பாருங்கள். 2.8 லிட்டர் டீசல் எஞ்சின். கை கியர் வண்டியில் அதன் முறுக்கு விசை 420 நியூட்டன் மீட்டர். ஆட்டோமேட்டிக் வண்டியில் 500. இங்கே கணக்கு தலைகீழாக இருக்கிறது. இரண்டிலிருந்தும் தெரிவது ஒன்றே: செய்தவர்கள் எஞ்சினையும் கியர் பெட்டியையும் ஜோடி பார்த்தே பூட்டுகிறார்கள். ஜோடியைக் கலைக்கும் உரிமை நமக்கு இருக்கலாம். கலைத்தபின் வரும் செலவும் நம்முடையதே.

ஆட்டோமேட்டிக் பெட்டியைப் பலப்படுத்துவது எப்படி?

பழைய ஆட்டோமேட்டிக் பிக்கப் வைத்திருப்பவர்கள், வாங்க நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்று சுற்றினால் அதன் காற்றில் மற்றதும் சுற்றும். காற்றுக்குப் பதில் எண்ணெய் இருந்தால் அதுவே டார்க் கன்வர்ட்டர். எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே கிளட்சின் வேலையைச் செய்வது இதுதான். ஒன்று முந்தி மற்றது பிந்தும்போது எண்ணெய் கடையப்பட்டுச் சூடாகிறது. இந்தச் சூடுதான் ஆட்டோமேட்டிக் பெட்டிக்கு எமன்.

எனவே செலவு செய்யும் வரிசை இப்படி இருக்க வேண்டும்:

முதலில் எண்ணெய், எண்ணெய்க் கூலர், சூடு காட்டும் மீட்டர். எண்ணெய் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் கவலையில்லை. 120-ஐத் தாண்டினால் ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும். எண்ணெய் கறுத்து, கருகிய வாடை அடித்தால் உள்ளே தகடுகள் தேய்கின்றன என்று அறியலாம். அந்தப் பெட்டிக்கென்று கம்பெனி குறித்த எண்ணெயைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது.

இரண்டாவது, டார்க் கன்வர்ட்டர். டீசல் எஞ்சின் குறைந்த சுற்றிலேயே இழுப்பது. ஆகவே குறைந்த சுற்றிலேயே இறுகப் பிடிக்கும் கன்வர்ட்டர்தான் பார வண்டிக்கு ஏற்றது. பந்தய வண்டிக்கு வைக்கும் தளர்ந்த கன்வர்ட்டரைப் பொருத்தினால் பெட்டி வெந்துவிடும். உள்ளே இருக்கும் பூட்டுக் கிளட்ச் நன்றாகப் பூட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அது பூட்டியபின் நழுவல் இல்லை, சூடும் குறையும்.

மூன்றாவது, வால்வ் பாடி. பெட்டிக்குள் எண்ணெயைப் பிரித்து அனுப்பும் மடைவாய் இது. இங்கே அழுத்தம் குறைந்தால் தகடுகள் முழுதாகப் பிடிக்காமல் நழுவித் தேயும். அழுத்தத்தைச் சரிப்படுத்தியபின் தகடுகளைப் புதுப்பிக்கலாம். ஷாஃப்ட் முதலிய பெரிய மாற்றங்கள் மிக அதிகமாகச் சக்தி கூட்டியவர்களுக்கே தேவைப்படும். காய்கறி ஏற்றுகிறவருக்கு அது வீண் செலவு.

இந்த மூன்றும் முடிந்தபின்தான் எஞ்சின் பக்கம் கை வைக்க வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்து கெடுகிறார்கள்.

இன்னொன்று. கிளட்ச் மிதி இல்லாத வண்டி எல்லாம் இந்த வகை அல்ல. சிலவற்றில் சாதாரண கியர் பெட்டியும் சாதாரண கிளட்சும்தான் இருக்கும். காலுக்குப் பதில் ஓர் இயந்திரம் கிளட்சை மிதிக்கும். அவற்றை மேட்டில் ஆக்ஸிலேட்டரால் தாங்கி நிறுத்தினால் கிளட்ச் கருகும். வாங்கும்போது எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள்.

கை கியர் வண்டிக்கு

நம் விவசாயிகளிடம் உள்ள பார வண்டிகளில் பெரும்பாலானவை கை கியர் வண்டிகளே. அவற்றில் கிளட்சைப் புதுப்பிக்கும்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுவதே சிக்கனம். ஒன்றை மட்டும் மாற்றினால் அதே கூலியை மறுபடியும் கொடுக்க நேரும். ஃபிளைவீல் முகம் வெந்து நீலம் பாய்ந்திருந்தால் அதைச் சரி செய்யாமல் புதுப் பிளேட்டைப் போடக் கூடாது.

"செராமிக் பிளேட் போடுங்கள், நழுவவே நழுவாது" என்று சிலர் சொல்வார்கள். நழுவாது என்பது உண்மைதான். ஆனால் அது வெடுக்கென்று பிடிக்கும். முன்பு கிளட்ச் வாங்கிய அதிர்ச்சியை இனி கியர் பல்லும் கிரவுன் பினியனும் வாங்கும். கிளட்ச் பிளேட் மலிவு. கிரவுன் பினியன் மலிவல்ல. இதை எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

முதலில் நோயைப் பாருங்கள்

வண்டி இழுக்கவில்லை என்றால் எஞ்சின் சிறியது என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. பல வண்டிகளுக்கு வந்திருப்பது நோய்தான். ஏர் ஃபில்டர் தூசி அடைத்திருக்கும். டீசல் ஃபில்டரில் தண்ணீர் இருக்கும். இன்ஜெக்டர் சொட்டும். டர்போ குழாயில் கீறல் இருக்கும். பிரேக் இறுகிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். டயரில் காற்று குறைவாக இருக்கும். கிளட்சே தேய்ந்து நழுவிக்கொண்டும் இருக்கலாம். இவற்றைச் சரி செய்தாலே வண்டி வாங்கியபோது இருந்த இழுவை திரும்பிவிடும். நோயைத் தீர்க்காமல் பம்பைத் திருப்பினால் கரும்புகையும் டீசல் செலவும்தான் கூடும்.

பிரேக்கை மறக்க வேண்டாம்

எஞ்சின் சக்தியைக் கூட்டுகிறவர் பெரும்பாலும் பாரத்தையும் கூட்டுகிறார். பின்னால் இரண்டு ஸ்பிரிங் பட்டை சேர்க்கிறார். ஆனால் பிரேக் பழைய பாரத்துக்குச் செய்ததே. மலை ஏறுவது மட்டும் பயணம் அல்ல, இறங்கவும் வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்கள் சொல்லும் பாடம். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் இறக்கத்தில் கீழ் கியரைப் பிடித்து நிறுத்தி இறங்க வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் காய்ந்து, மிதித்தும் பிடிக்காத நிலை வரும். கியர் பெட்டி போனால் பணம் போகும். பிரேக் போனால் உயிர் போகும்.

சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதித்த அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாய். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். வண்டியில் செய்த மாற்றத்தைச் சொல்லாமல் வைத்திருந்தால், விபத்து நேரும்போது இன்சூரன்ஸ் பணம் கைக்கு வருவதும் தகராறாகலாம்.

வேறு வழி இல்லையா?

"ஒரு நடைக்கு ஒரு டன் கூட ஏற்றினால்தான் டீசல் காசாவது மிஞ்சும்" என்று விவசாயிகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விளைபொருளின் விலை நம் கையில் இல்லை. டீசல் விலையும் நம் கையில் இல்லை. மிச்சம் பிடிக்க இருக்கும் ஒரே இடம் வண்டியின் முதுகுதான் என்று தோன்றுவது இயற்கை. ஆனாலும் கணக்கை ஒரு நடைக்குப் போடாமல் ஒரு வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிளட்ச் செட், ஒரு கியர் பெட்டி வேலை, அறுவடையில் வண்டி நின்ற நாட்கள், அதற்குள் தவறாமல் வந்து நிற்கும் வங்கித் தவணை ஆகியவற்றை எழுதிக் கழித்தால், கூட ஏற்றிய பாரத்தில் கிடைத்தது எவ்வளவு என்பது விளங்கும். பக்கத்துத் தோட்டக்காரரோடு சேர்ந்து முறை வைத்து இரண்டு நடை போவதே பலருக்கும் லாபமாக இருக்கும்.

எனவே விவசாயப் பெருமக்கள் பட்டறையில் கேட்க வேண்டிய கேள்வி, "எஞ்சினை எவ்வளவு கூட்டலாம்?" என்பது அல்ல. "என் கிளட்சும் கியர் பெட்டியும் பிரேக்கும் எவ்வளவு தாங்கும்?" என்பதே. அதற்குச் சரியான பதில் சொல்லத் தெரியாதவரிடம் வண்டிச் சாவியைக் கொடுக்க வேண்டாம்.