‘பிரேக் ஆயில்’ எனும் பிழைப்பெயர்

கோபர்கைரனேயின் வாகனப் பணிமனைகளில் தமிழ், மராத்தி, இந்தி என எம்மொழி பேசப்பட்டாலும் அத்திரவத்துக்கு வழங்கும் பெயர் ‘பிரேக் ஆயில்’ என்பதே. அது எண்ணெய் அன்று. பெரும்பாலான கார்களில் உள்ள டாட் 3, டாட் 4 வகைகள் கிளைக்கால் ஈதர்களை அடிப்படையாகக் கொண்டவை. காற்றின் ஈரத்தை ஈர்த்துத் தம்முள் கரைத்துக்கொள்பவை. எண்ணெயும் தண்ணீரும் சேரா என்பதோ அடுப்படியில் கற்ற பாடம். பெயரில் ‘ஆயில்’ நின்றுவிட்டால் அப்பாடமும் உடன்வருகிறது. உள்ளே நீர் சேரும் என்னும் ஐயமே எழுவதில்லை.

விளைவு சிறிதன்று. புதிய டாட் 3 திரவத்தின் கொதிநிலை 205 பாகை செல்சியஸுக்குக் குறையக்கூடாது என்பது தரவிதி. 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலைக்கு அவ்விதி கோரும் அளவு 140 மட்டுமே. டாட் 4 வகைக்கு இவை 230, 155. கொதித்தால் ஆவிக்குமிழ்கள் தோன்றும். திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது, ஆவி சுருங்கும். ஆகவே பெடல் அடிவரை இறங்கியும் வண்டி நிற்காது. குளிர்ந்தபின் ஆவி மீண்டும் திரவமாகிவிடுவதால் மறுநாள் சோதனையில் பிரேக் குறையின்றியே தோன்றக்கூடும். பழி ஓட்டுநர்மேல் விழ இதைவிட வேறென்ன வேண்டும்?

நவி மும்பையில் இது கூடுதலாகக் கருதத்தக்கது. தாணே–வாஷி ரயிலில் வேலைக்குச் செல்வோரின் கார் வாரமெல்லாம் குடியிருப்பின் கீழ் நிற்கிறது. ‘ஓடாத வண்டிக்கு எதற்குச் செலவு?’ என்பது உரிமையாளர் கணக்கு. ஈரமோ கிலோமீட்டர் பார்ப்பதில்லை. நான்கு மாத மழைக்காலத்தில் திரவக்கலத்தின் மூடித்துளை வழியாகவும் ரப்பர் குழாய்ச் சுவர் வழியாகவும் சிறுகச் சிறுகப் புகுகிறது. அந்தக் கார்தான் ஞாயிறன்று குடும்பத்தோடு லோணாவளா சென்று, 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து போர்காட் சரிவில், நெரிசலில், பிரேக்கை மிதித்து மிதித்து இறங்குகிறது. (துர்பே சந்தைக்கு வரும் கனரக லாரிகளில் இருப்பது காற்று பிரேக், அவற்றின் சிக்கல் வேறு.)

இன்னொரு சொல்லும் வழிதவறச் செய்கிறது. ‘ஏர் எடுப்பது’ என்றால் காற்றுக்குமிழ் வெளியேறியதும் வேலை முடிந்தது. பழைய திரவம் உள்ளேயே தங்கும். கரைந்த நீர் குமிழாக வராது. கலத்தில் குறைந்ததை நிரப்புவதாலும் பயனில்லை. மூடி திறவாத புதிய புட்டியிலிருந்து ஊற்றி, கலம் வற்றாமல் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சக்கரத்தின் பிளீடர் நிப்பிளையும் திறந்து, பழையது முழுதும் வெளியேறிப் புதியது வரும்வரை எடுக்க வேண்டும். ஏ.பி.எஸ். உள்ள சில வண்டிகளில் ஸ்கேனரும் தேவைப்படும். பல நிறுவனங்கள் இதற்கு விதிக்கும் கெடு இரண்டு ஆண்டுகள். நிறத்தை மட்டும் பார்த்து ‘நன்றாயிருக்கிறது’ என்பது தீர்ப்பாகாது. கரைந்த நீருக்கு நிறமில்லை.

தனியார் காரின் புகையை ஆண்டுதோறும் சோதிக்கக் கேட்கும் சட்டம், அதன் முதற்பதிவை 15 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாக்கி, பிரேக்கை உரிமையாளர் பொறுப்பில் விட்டுவிடுகிறது. புகைச்சோதனை நிலையத்திலேயே ஈரமானியை அத்திரவத்தில் நனைத்துப் பார்க்கச் சில நொடிகளே ஆகும். சட்டம் மாறும்வரை பணிமனைகள் திரவம் மாற்றிய தேதியைக் கலத்தின் மூடிமேல் ஒட்டலாம்; ‘ஆயில்’ என்ற சொல்லை விட்டு ‘பிரேக் திரவம்’ என்றே ரசீதில் எழுதலாம்.