சமயப் பூசலும் ஆங்கிலர் உள்ளமும்

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆந் திகதி, இங்கிலாந்து மன்னர் மூன்றாம் சார்ல்ஸ் வத்திக்கானிலுள்ள சிஸ்ரைன் சிற்றாலயத்திலே பாப்பரசர் பதினான்காம் லியோவுடன் கூடி வழிபட்டார். ஆங்கில அரசர் ஒருவர் பாப்பரசரோடு வெளிப்படையாக வழிபட்டமை, ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளில் இதுவே முதன்முறை. முந்நூற்றைம்பது ஆண்டுகளின் முன் இஃது நிகழ்ந்திருப்பின் இலண்டன் மாநகர் கொந்தளித்திருக்கும். இன்றோ நாடு அமைதியாயிருந்தது.

இவ்வமைதி எங்ஙனம் வந்தது? பொறையுடைமையின் முதிர்ச்சி என்பர் சிலர். பத்தியின் வறட்சி என்பர் வேறு சிலர். இரண்டிற்கும் அடியிற் கிடப்பது சமயப் பூசல் தந்த பழைய அச்சமே என்பது எமது துணிபு.

1534இல் எட்டாம் ஹென்றி பாராளுமன்றச் சட்டத்தின் வாயிலாகத் தம்மையே ஆங்கிலத் திருச்சபையின் தலைவராக்கினார். அதனை ஏற்க மறுத்த தோமஸ் மோர் மறு ஆண்டிலே தலையிழந்தார். 1536 முதல் 1540 வரை மடங்கள் கலைக்கப்பட்டன. அவற்றின் நிலபுலங்களை அரசு கைக்கொண்டது. மைந்தர் ஆறாம் எட்வேட் காலத்தில் வழிபாடு புரட்டஸ்தாந்து நெறிக்கு மாறியது. 1553இல் அரசியான மேரி கத்தோலிக்க நெறியை மீட்டார். ஏறக்குறைய முந்நூறு புரட்டஸ்தாந்தர் தீயிலிடப்பட்டனர். 1558இல் அரசியான எலிசபெத்து அதனை மீண்டும் மாற்றினார். அவராட்சியிற் கத்தோலிக்கக் குருமார் பலர் கொலைத்தண்டம் பெற்றனர். பன்னிரண்டு ஆண்டுகளுள் ஒரே ஊர்க்கோயிலில் வழிபாடு மும்முறை மாறிற்று. நேற்றுப் புண்ணியமாயிருந்தது இன்று குற்றமாயின் எளிய குடிமகன் என் செய்வான்? தன் நம்பிக்கையைத் தன்னுள்ளே வைத்துக்கொள்ளப் பழகினான்.

அடுத்த நூற்றாண்டு இன்னுங் கொடியது. 1642இல் உள்நாட்டுப் போர் மூண்டது. சமயமும் அரசுரிமையும் அதிற் பின்னிக்கிடந்தன. 1647இல் பாராளுமன்றம் நத்தார்ப் பண்டிகையையே விலக்கியது. 1649இல் முதலாம் சார்ல்ஸ் மன்னர் சிரச்சேதஞ் செய்யப்பட்டார். 1660இல் முடியாட்சி மீண்டது. 1662ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அமையாமையால் ஏறக்குறைய ஈராயிரங் குருமார் பதவியிழந்தனர். 1688இல் கத்தோலிக்கரான இரண்டாம் ஜேம்ஸ் நாட்டைவிட்டு ஓடினார். 1689இல் வந்த சகிப்புச் சட்டமும் கத்தோலிக்கருக்கு இடமளித்திலது.

இவ்வனுபவம் ஆங்கில மொழியிலும் தன் வடுவை விட்டது. 'எந்தூசியாசம்' என்னுஞ் சொல் இன்று ஊக்கம், ஆர்வம் என நற்பொருள் பயக்கும். 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளிலோ அது வசைச்சொல். தெய்வம் தம்மோடு நேரே பேசிற்று என ஆவேசங்கொள்வாரை இகழ வழங்கியது. யோன் வெஸ்லியும் அவ்வசைக்கு ஆளானார். பல கோயில்களிற் பிரசங்கபீடம் மறுக்கப்பட, வெட்டவெளியிலே போதித்தார். அவர் வழிவந்த மிஷனரிமாரே 1814இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பணி தொடங்கினர். அவர்தம் வேகத்தைக் கண்ட எம் முன்னோர், ஆங்கிலர் யாவரும் அத்தகையரே என எண்ணியிருப்பின் வியப்பில்லை. அவ்வேகமோ அவர் தாயகத்திலேயே ஐயத்துக்குரியதாயிருந்தது.

பொறுமை சட்டத்தின் வழியே மெல்ல வந்தது. 1778இல் கத்தோலிக்கருக்குச் சிறு சலுகை அளிக்கப்பட்டபோது, 1780இல் இலண்டனிலே பெருங்கலகம் மூண்டு பலர் மாண்டனர். 1829இலேதான் கத்தோலிக்கர் பாராளுமன்றம் புகத் தடை நீங்கியது; யூதருக்கு 1858இல் அவ்வுரிமை கிடைத்தது.

இன்று நிலை யாது? மன்னர் திருச்சபையின் தலைவராகவே இருக்கிறார். மேற்றிராணிமார் இருபத்தறுவருக்குப் பிரபுக்கள் சபையில் ஆசனம் உண்டு. கத்தோலிக்கர் அரியணை ஏறலாகாதென்னும் 1701ஆம் ஆண்டு விதியும் நீங்கவில்லை. கத்தோலிக்கரை மணந்தார்க்கிருந்த தடை மட்டுமே அண்மையில் நீக்கப்பட்டது. ஆயினும் 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில், இங்கிலாந்திலும் வேல்சிலுந் தம்மைக் கிறித்தவர் என்றோர் நூற்றுக்கு 46.2 பேரே, மதமில்லை என்றோர் 37.2 பேர். கோபுரம் நிற்கின்றது, உள்ளே பீடங்கள் வெறிதாகின்றன. பலர் திருமணத்துக்கும் இறுதிச் சடங்குக்குமே கோயிலை நாடுகின்றனர்.

இதற்குச் சமயப் பூசல் ஒன்றே காரணமெனல் மிகை. விஞ்ஞானமும் நகர வாழ்வும் இரு பெரும் போர்களும் தத்தம் பங்கைச் செய்தன. எனினும், நிறுவன சமயத்தை வெறுத்தொழிக்காமலும் அதற்கு உள்ளத்தை முற்றுங் கொடாமலும் எட்ட நிற்கும் ஆங்கிலப் பான்மைக்கு அப்பூசலே வித்து.

குருதி சிந்துதலினும் இது மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் களைப்பினால் வந்த பொறுமை வேறு, பிறர் நெறியை மதித்து வந்த பொறுமை வேறு. முன்னையது தன்னைப்போலவே அளவாக நம்புவாரோடு எளிதிற் பொருந்தும். ஆழ்ந்து நம்புவாரைக் கண்டால் மருளும். இன்று இங்கிலாந்தில் இசுலாமியரும் சீக்கியரும் சைவரும், ஊக்கமிக்க புதிய கிறித்தவச் சபையினரும் தத்தம் நெறியை உயிரெனப் பேணி வாழ்கின்றனர். அவர்களை அஞ்சாது அறிந்து நடப்பதே ஆங்கிலப் பொறுமைக்கு இனி வரும் சோதனை.