ஒரே சத்தம், ரெண்டு அர்த்தம், 121 உயிர்

விமானம் விழுந்ததுன்னு செய்தி வந்தா போதும், நம்ம மக்கள் தீர்ப்பைத் தயாரா வச்சிருப்பாங்க: "பைலட் தப்பு!" செத்தவங்க எழுந்து வந்து பதில் சொல்லப் போறதில்லை. ரொம்ப வசதியான தீர்ப்பு தான்.

2005 ஆகஸ்ட் 14. சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸுக்குக் கிளம்புது ஹீலியோஸ் 522, ஒரு போயிங் 737. முந்தின ராத்திரி அழுத்தச் சோதனை பண்ணினவங்க, கேபின் அழுத்த சுவிட்சை 'மேனுவல்'லயே விட்டுட்டாங்க. 'ஆட்டோ'வுல இருக்கணும். பைலட்டுங்களும் செக்லிஸ்ட்ல அதைக் கவனிக்கலை. விமானம் ஏற ஏற, உள்ளே காற்றழுத்தம் குறைஞ்சுக்கிட்டே போச்சு.

12,000 அடி தாண்டினதும் காக்பிட்டில் ஹாரன் அடிச்சுது. இங்க தான் கொடுமை. "கேபின் அழுத்தம் குறையுது"ன்னு சொல்ற அதே ஹாரன் தான், "டேக்-ஆஃபுக்கு விமானம் சரியா அமைக்கப்படலை"ன்னும் சொல்லும்! ரெண்டாவது எச்சரிக்கை தரையில மட்டும் தான் வரும். "அது பைலட்டுக்குத் தெரியாதா?"ன்னு கேப்பீங்க. தெரிஞ்சிருக்கணும் தான். ஆனா அழுத்த எச்சரிக்கை எப்பவோ அபூர்வமா வர்றது. காதுக்குப் பழகின அர்த்தம் தானே முதல்ல மனசுல வரும்?

இந்த ஹாரன் அடிச்சா விதி ரொம்ப எளிசு: முதல்ல ஆக்ஸிஜன் மாஸ்க், அப்புறம் தான் ஆராய்ச்சி. அழுத்தம் கட்டுக்குள்ள வரலைன்னா 10,000 அடிக்கு இறங்கணும். ஏன் இவ்வளவு அவசரம்? ஆக்ஸிஜன் குறைஞ்சா வலிக்காது. மூளை மந்தமாகும், ஆனா "நான் நல்லாத்தான் இருக்கேன்"னு நம்ப வைக்கும். இவங்க மாஸ்க் போடலை. கம்பெனியோட ரேடியோவில் பேசிக்கிட்டே மயங்கிட்டாங்க. ஆட்டோபைலட் 34,000 அடிக்குக் கொண்டு போச்சு. கிரேக்க எஃப்-16 விமானங்கள் பக்கத்துல போய்ப் பார்த்தப்ப கேப்டன் சீட் காலி. துணை விமானி சாய்ஞ்சு கிடந்தார். எரிபொருள் தீர்ந்து கிரமாட்டிகோ பக்கத்து மலையில விழுந்தது. 121 பேரும் போயிட்டாங்க.

2006-ல வந்த விசாரணை அறிக்கை பைலட்டுகளைக் குறை சொல்லுச்சு, நியாயம் தான். ஆனா அதோட நிக்கலை. விமான நிறுவனம், சைப்ரஸ் கண்காணிப்பு அமைப்பு, முன்னாடி நடந்த இதே மாதிரி சம்பவங்களுக்கு அப்புறமும் போதுமான நடவடிக்கை எடுக்காத தயாரிப்பாளர், எல்லாருக்கும் பங்கு உண்டுன்னு சொல்லுச்சு. இந்தப் பாதியை மட்டும் யாரும் படிக்கிறதே இல்லை!

பி.காம் முதல் வருஷப் பையனுக்கே தெரியும்: ஒருத்தர் என்ட்ரி போட்டா இன்னொருத்தர் சரிபார்க்கணும். மனுஷன் தப்பே பண்ண மாட்டான்னு நம்பி யாராவது கணக்கு முறை வைப்பாங்களா? பழைய 737-களில் ரெண்டு எச்சரிக்கைக்கும் தனித்தனி விளக்கு வைக்கணும்னு அமெரிக்க விமானத்துறை உத்தரவு போட்டது 2011-ல. ரெண்டே ரெண்டு விளக்கு, ஆறு வருஷம்!

மறதி எங்கேயும் போயிடலை. 2018 செப்டம்பர் 20-ல மும்பை–ஜெய்ப்பூர் ஜெட் ஏர்வேஸ் விமானத்துல அழுத்தத்துக்கான சுவிட்சைப் போட மறந்துட்டாங்க. 30-க்கும் மேற்பட்ட பயணிகளுக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம். மாஸ்க் விழுந்தது, விமானம் திரும்பி வந்தது, எல்லாரும் பிழைச்சாங்க.

சுவிட்சை மறக்கிற மனுஷன் நாளைக்கும் வருவான். அவனைத் திட்டினா மனசு ஆறும், அடுத்த விமானம் பிழைக்காது. அடுத்த தடவை "பைலட் தப்பு"ன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க மக்களே: அந்தத் தப்பு நடக்கும்னு முன்னாடியே தெரிஞ்சும் சும்மா இருந்தது யாரு?