மார்கழிப் பனியில் மண்டி வண்டி

“என் மகன் வாரத்தில் மூன்று நாள் குட்டியானையில் தக்காளி ஏற்றிக்கொண்டு கோயம்பேடு போய் வருகிறான். போன வாரம் திரும்பும்போது, விடியற்காலைப் பனியில் ரோட்டிலேயே நின்றிருந்த கரும்பு டிராக்டர் கடைசி நேரத்தில்தான் கண்ணில் பட்டதாம். வண்டியை ஒடித்து மண்ணில் இறக்கித் தப்பித்திருக்கிறான். ‘ஃபாக் லைட் மாட்டினால் சரியாகிவிடும்’ என்கிறான். மாட்டலாமா?”

- ஒரு வாசகி, ராயக்கோட்டை.

மாட்டட்டும் அம்மா, தப்பில்லை. ஆனால், நான் முதலில் கேட்பது வேறு. அன்றைக்கு அவர் கோயம்பேட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்பினார்?

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிகள் நிரம்பி, வயலெல்லாம் ஈரமாக இருக்கும். வானம் வெளுத்து, காற்று அசையாத மார்கழி, தை இரவுகளில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அப்போது தரையை ஒட்டிய காற்றில் உள்ள ஈரம்தான் பனிமூட்டமாக நிற்கிறது. பெரும்பாலும் விடியற்காலை 4 மணிக்கு மேல் தடித்து, வெயில் ஏறிய பிறகு 8 மணிவாக்கில் கலையும். இது உங்களுக்குத் தெரியாததல்ல.

சாயங்காலம் ராயக்கோட்டையில் கிளம்புகிற வண்டி, பனி இறங்குவதற்குள் மண்டிக்குப் போய்விடும். சிக்கல் திரும்பும்போதுதான். சரக்கை இறக்கிவிட்டு 4 மணிக்குக் கிளம்பினால், காவேரிப்பாக்கம் ஏரியை ஒட்டிய ரோட்டுக்கு வரும்போது பனி உச்சத்தில் இருக்கும். ராத்திரி முழுக்கத் தூங்காத கண், காலி வண்டி, வீட்டு நினைப்பு. எனவே, 7 மணி வரை அங்கேயே வண்டியில் படுத்துத் தூங்கிவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். வீட்டுக்கு மூன்று மணி நேரம் தாமதமாக வருவார், அவ்வளவுதான். காலி வண்டிக்கு ஏலம் தவறிப்போகாது.

வழியில் பனி பிடித்துக்கொண்டால் வேகம்தான் விஷயம். 60 கி.மீ வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 17 மீட்டர் ஓடிவிடும். கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிக்கவே ஒரு நொடிக்கு மேல் ஆகும். 30 மீட்டர்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், பிரேக் பிடிக்கத் தொடங்கும்போதே டிராக்டர் முகத்துக்கு நேராக வந்துவிடும். 30 கி.மீ வேகம் என்றால் அந்த ஒரு நொடியில் 8 மீட்டர்தான் போகும். பிரேக் பிடித்த பிறகு ஓடுகிற தூரமும் கால் பங்காகக் குறையும். உத்தரப்பிரதேசத்தில் யமுனா விரைவுச்சாலையில், குளிர்காலத்தில் மட்டும் கார்களுக்கான வேகத்தை 100-லிருந்து 75 கி.மீ ஆகக் குறைக்கிறார்கள். பனி அடர்ந்துவிட்டால் அந்த 75-ம் அதிகம்தான். பனி ரோடு முழுக்க ஒரே மாதிரியும் இருக்காது. ஏரிக்கரை, ஆற்றுப்பாலம் வரும் இடங்களில் திடீரென்று சுவர் போல நிற்கும். அதற்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

விளக்கு எப்போதும் டிம்மில்தான். பிரைட் போட்டால் பனித்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே வெள்ளையாகத் திரும்பும். ஃபாக் லைட் தாழ்வாக இருப்பதால் ரோட்டின் ஓரக்கோடு தெரிய உதவும். தூரத்தில் உள்ளதைக் காட்டாது. இன்னொன்று, ஓடும் வண்டியில் நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டுப் போகிறார்கள். அது நின்றுவிட்ட வண்டிக்கான அடையாளம். நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பதும் பின்னால் வருபவருக்குத் தெரியாது.

ஓட்டவே முடியவில்லை என்றால் பெட்ரோல் பங்க், டோல்கேட் என்று ரோட்டை விட்டு விலகி நிறுத்த வேண்டும். வண்டி பழுதாகிவிட்டால் முடிந்தவரை இடது ஓரம் ஒதுக்கி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, ஆட்கள் ரோட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். வண்டிக்குப் பின்னால் நிற்கவே கூடாது. நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108. அடையாளத்துக்குக் கல் வைத்துவிட்டு அப்படியே போய்விடுகிறார்களே, அந்தக் கல்லில் அடுத்து விழுவது பால் கேனோடு டூவீலரில் வருகிறவர்தான்.

உங்கள் மகன் முட்டப் பார்த்தது கரும்பு டிராக்டர். அதை ஓட்டுகிறவரும் நம்மில் ஒருவர்தான். ஆகவே டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன். டிரெய்லரில் பின்விளக்கு எரிந்தாலும், தொங்கும் கரும்பும் தோகையும் அதை மறைத்துவிடும். ஏற்றி முடித்ததும் பத்தடி பின்னால் போய் நின்று பாருங்கள். பின்பக்கம் அகலம் முழுக்க சிவப்பு ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அதோடு, ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு பலகையை லோடின் கடைசி முனையில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு மூட்டை டி.ஏ.பி விலைக்குள் எல்லாம் முடிந்துவிடும். ரோட்டோரக் காட்டில் சாயங்காலம் சோகை கொளுத்துவதும் வேண்டாம். அந்தப் புகை மேலே போகாமல் பனியோடு சேர்ந்து ரோட்டில் படுத்துவிடுகிறது.

“கண்ணாடியில் உள்பக்கம் புகை படிகிறது. துடைத்தாலும் நிற்பதில்லையே?”

- ஒரு வாசகர், வாணியம்பாடி.

அது நம் மூச்சின் ஈரம். இரண்டு பக்கக் கண்ணாடியையும் விரல் அளவு இறக்கிவையுங்கள். ஏ.சி இருந்தால் முன்கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுங்கள். பழைய லாரிக்காரர்கள் வெட்டிய உருளைக்கிழங்கைத் தேய்ப்பார்கள். கொஞ்ச நேரம் தாங்கும். ஆனால், கிளம்புவதற்கு முன் தேய்க்க வேண்டும். ஓட்டிக்கொண்டே துண்டால் துடைக்க வேண்டாம்.