மின்சார கார் வாங்க டிரைவர்கள் தயங்குவது ஏன்? கணக்கு போட்டால் லாபம். சார்ஜ் போடத்தான் இடம் இல்லை!

சென்னை: பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயை ஒட்டி நிற்கிறது. மின்சார காருக்கு வரிச்சலுகை வேறு. அப்படியும் 2024-25-ம் நிதியாண்டில் நாட்டில் விற்ற 100 கார்களில் மின்சார கார் 3 கூட தேறவில்லை. அதே வருடம் விற்ற மூன்று சக்கர வண்டிகளில் பாதிக்கு மேல் பேட்டரி வண்டிகள். அது மாறியபோது கார் மட்டும் ஏன் மாறவில்லை?

முதல் முட்டுக்கட்டை விலை. டியாகோ காரையே எடுத்துக்கொள்ளலாம். 2025 செப்டம்பர் 22-ந்தேதி சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 ஆக குறைந்தது. மின்சார காருக்கு ஏற்கனவே 5 சதவீதம்தான், குறைக்க ஒன்றும் இல்லை. ஆரம்ப மாடல் பெட்ரோல் டியாகோ 5 லட்சத்துக்கு கீழே இறங்கியது. மின்சார டியாகோ 8 லட்சத்தை ஒட்டியே நின்றது. வித்தியாசம் 3 லட்சத்துக்கு மேல்.

இந்தப் பணத்தை ஓட்டித்தான் எடுக்க வேண்டும். 100 கி.மீ. ஓட பெட்ரோலுக்கு சுமார் 650 ரூபாய், வீட்டு கரண்டுக்கு 120 ரூபாய் போல ஆகும். 60 ஆயிரம் கி.மீ.க்கு மேல் ஓடினால்தான் போட்டது கைக்கு வரும். ஆபீசுக்கு தினம் 25 கி.மீ. ஓட்டுகிறவருக்கு அதற்கு 6, 7 வருடம் ஆகும். தினம் 200 கி.மீ. ஓடும் கால் டாக்சி டிரைவர் ஒரே வருடத்தில் எடுத்துவிடலாம்.

சிக்கலே இங்குதான். ஆபீஸ்காரர் வீட்டில் கார் ஷெட் இருக்கும், பிளக் பாயிண்டும் இருக்கும். டிரைவரோ வாடகை வீட்டுக்காரர், கார் தெருவில் நிற்கும். மாடியில் இருந்து வயர் இறக்க ஹவுஸ் ஓனர் விடுவாரா? 500 யூனிட் தாண்டினால் ரேட்டே மாறும் என்று தண்ணி மோட்டாருக்கே கணக்கு பார்க்கிறவர் அவர்!

வெளியே சார்ஜ் போட்டால் யூனிட் 20 ரூபாயை தொடும். லாபத்தில் ஒரு பங்கு அங்கேயே போச்சு. சின்ன பேட்டரி டியாகோ நிஜ ரோட்டில் 150 கி.மீ. போலத்தான் தாங்கும். மத்தியானம் மறுபடி சார்ஜ் போட வேண்டும். வேகமான சார்ஜரிலேயே ஒரு மணி நேரம். முன்னால் 2 வண்டி நின்றால் அன்றைக்கு 2, 3 சவாரி காலி. பெட்ரோல் பங்க்கில் இது 5 நிமிஷ வேலை.

இது பழைய கதைதான். 2001-ல் பெங்களூரில் ரேவா மின்சார கார் வந்தது. ஒரு சார்ஜுக்கு 80 கி.மீ., பெரியவர்கள் 2 பேர்தான் வசதியாக உட்காரலாம். லண்டன் வரை போய் ஓடியது, நம்மூரில் எடுபடவில்லை. 2010-ல் மகிந்திரா அந்த கம்பெனியை வாங்கியது. பேட்டரி இப்போது எவ்வளவோ தேறிவிட்டது. 300 கி.மீ.க்கு மேல் தாங்கும் கார்களும் உண்டு, ஆனால் டிரைவர் கைக்கு எட்டும் விலையில் இல்லை.

வடக்கே இ-ரிக்‌ஷாக்கள் ஊருக்குள்ளேயே சுற்றுகின்றன. ராத்திரி ஷெட்டில் வரிசையாக நிறுத்தி, இடத்துக்கும் கரண்டுக்கும் சேர்த்து ஒரு வாடகை கொடுத்துவிட்டு வீட்டுக்கு போய்விடுகிறார்கள். சொந்தமாக ஒரே ஒரு கார் வைத்து ஓட்டும் டிரைவருக்கு தெருவுக்கு தெரு அப்படி ஷெட் கிடையாது.