வைகறைத் தூண்டில்

"தமிழாசிரியர்க்குத் தூண்டில் எதற்கு?" என நண்பர் வினவுவர். பள்ளி மணி ஒலிக்குமுன் குளக்கரையில் யாம் அமர்ந்திருக்கும் ஒரு நாழிகை எம் உள்ளத்தைத் தெளிவிக்கின்றது. அன்று வகுப்பிற் சினம் எழுவதில்லை. 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பெற்ற திலாப்பியா இன்று நீர்நிலைகளிற் பெருகி, எளியோர் உணவாயிற்று. ஆதலின் மீனுக்குக் குறைவில்லை. குறைவு ஓய்வுக்கே. பதுளைக் குன்றுகளிடையே யாம் தக்கையை நோக்கியிருக்கும் அவ்வேளையில், எம் மாணவரின் அன்னையர் கூடையுடன் பிரட்டுக்கு விரைகின்றனர். அவர்க்கு வைகறை சொந்தமன்று. ஓய்வு சோம்பலன்று, உழைப்போர்க்குரிய உரிமையாகும். தோட்டத்து லயத்தினின்று கற்றுயர்ந்த பழைய மாணவர்காள்! கல்லூரிக் கட்டடத்துக்கு நிதி ஈதல் நன்று. அன்னையர்க்கு ஓய்வு கிட்டக் குரல் கொடுத்தல் அதனினும் நன்று.