ஊரைக் கேட்டால் சேரியின் குரல் கேட்குமா?

ஐ.நா. அவையில் பேச அனுமதி கேட்டு, தலித் மக்களுக்கான ஒரு அமைப்பு வாசலில் எத்தனை ஆண்டுகள் நின்றது தெரியுமா? 15 ஆண்டுகள்.

பன்னாட்டு தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு, ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றத்தில் ஆலோசனைத் தகுதி கேட்டு விண்ணப்பித்தது. அந்தத் தகுதி இருந்தால்தான் ஒரு அமைப்பு மனித உரிமை மன்றத்தில் தன் சொந்தப் பெயரில் எழுந்து பேச முடியும், எழுத்து அறிக்கை கொடுக்க முடியும். விண்ணப்பங்களை முதலில் பார்ப்பது 19 நாடுகள் கொண்ட ஒரு குழு. அதில் ஏதாவது ஒரு நாடு கேள்வி கேட்டால் போதும், விண்ணப்பம் அடுத்த அமர்வுக்குப் போய்விடும். இந்தியா கேட்டது. பதில் வந்ததும் மறுபடியும் கேட்டது. அப்படி 100 கேள்விகளுக்கு மேல் ஆயிற்று. நிராகரித்தால்கூட எதிர்த்து வாதாடலாம். நிராகரிக்காமல் இழுத்தடித்தால் எங்கே போய் வாதாடுவது? தாலுகா அலுவலகத்தில் பட்டா கேட்டு அலைந்த நம் அப்பா அம்மாக்களுக்கு இந்த உத்தி புதிதல்ல. அலுவலகம்தான் நியூயார்க்கில் இருந்தது.

கடைசியில் 2022 டிசம்பரில் அந்தக் குழுவைத் தாண்டி, பொருளாதார, சமூக மன்றமே வாக்கெடுப்பு நடத்தித் தகுதி வழங்கியது. அப்போதும் இந்தியா எதிர்த்தே வாக்களித்தது.

இதை ஏன் இப்போது பேசுகிறோம்? கருத்தரங்குகளில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. பல்வேறு பண்பாடுகள் கொண்ட உலகில் பன்னாட்டு அமைப்புகள் கருத்துரிமையை எப்படி வளர்க்கலாம்? பேசுகிறவர்கள் உடனே 'உள்ளூர்ப் பண்பாட்டை மதிக்க வேண்டும்' என்பார்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். கூட்டம் முடிந்துவிடும்.

நாங்கள் தலையாட்டப் போவதில்லை. யாருடைய பண்பாடு? அதை யார் சொல்கிறார்கள்? நம் கிராமத்துக்கு வருகிற அதிகாரி முதலில் ஊருக்குள் போகிறார். கோயில் திண்ணையில் உட்காருகிறார். 'இங்கே எல்லோரும் அண்ணன் தம்பியாகப் பழகுகிறோம், பிரச்சினை எதுவும் இல்லை' என்று பெரியவர்கள் சொல்வதை எழுதிக்கொள்கிறார். சேரிக்கு வராமலேயே ஜீப் திரும்பிவிடுகிறது. ஐ.நா.விலும் நடப்பது இதுதான். ஒரு நாட்டின் பண்பாடு எது என்று அந்த நாட்டு அரசைத்தான் கேட்கிறார்கள். ஊரைக் கேட்டுவிட்டுச் சேரிக்குப் பேச்சுரிமை தர முடியுமா?

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் பெயர்களை இளம் தோழர்கள் மறக்கக் கூடாது. 1996இல் இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அதன் பிறகு 2006 வரை அங்கே முறையான தேர்தலை நடத்த முடியவில்லை. யாராவது வென்றாலும் உடனே பதவி விலக வைத்தார்கள். 'எங்கள் ஊர் வழக்கம்' என்றுதான் அப்போதும் சொன்னார்கள். அந்த வழக்கத்தை மதித்திருந்தால் அந்த நாற்காலி இன்றும் காலியாகவே இருந்திருக்கும்.

அடுத்து ஒரு வாதம் வரும்: 'மனித உரிமை, கருத்துரிமை எல்லாம் மேற்கத்தியச் சரக்கு.' இதைச் சொல்பவர்களுக்கு வரலாறு தெரியவில்லை, அல்லது தெரியாததுபோல் நடிக்கிறார்கள். 1948 உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவு, ஆங்கில வரைவில் 'ஆண்கள் அனைவரும்' என்றும் பொருள்படும்படி இருந்தது. அதை 'மனிதப் பிறவிகள் அனைவரும்' என்று மாற்றப் போராடியவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. அதற்கும் முன்பே, 1946இல், அண்ணல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அனுப்பிய மனுவின் பிரதிகளைக் கேட்டார். தீண்டப்படாதோரும் அதுபோல மனு செய்ய எண்ணியிருப்பதாகத் தெரிவித்தார். ஐ.நா.வின் கதவைத் தட்ட நமக்கு எந்த வெள்ளைக்காரரும் கற்றுத் தரவில்லை.

அவர் தட்ட நினைத்ததற்குக் காரணம் இருந்தது. 1936இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தது. சாதி ஒழிப்புக்காகவே தொடங்கப்பட்ட அமைப்பு அது. உரையைப் படித்துப் பார்த்ததும் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. அவர் மறுத்தார். மாநாடே நடக்கவில்லை. தன் கைக்காசைப் போட்டு அந்த உரையை அச்சிட்டார். 'சாதி ஒழிப்பு' நம் கைக்கு வந்தது அப்படித்தான். ஒரு தலித்தின் பேச்சுரிமையை மறுக்கச் சீர்திருத்தவாதிகளே போதும், சர்வாதிகாரி தேவையில்லை.

இந்திய அரசின் இரட்டை நாக்கையும் பாருங்கள். 1965இல் இனப் பாகுபாட்டுக்கு எதிரான பன்னாட்டு உடன்படிக்கை உருவானபோது 'பிறப்பு வழி' என்ற சொல்லைச் சேர்க்க முன்மொழிந்ததே இந்தியாதான். அந்தச் சொல்லுக்குள் சாதியும் அடங்கும் என்று உடன்படிக்கையின் கண்காணிப்புக் குழு 1996இல் இந்தியாவிடம் சொன்னது, 2002இல் பொதுப் பரிந்துரையாகவே வெளியிட்டது. ஆனால் 2001 டர்பன் மாநாட்டில், சாதி எங்கள் உள்நாட்டு விவகாரம் என்று இந்தியா வாயை அடைத்தது. அண்ணன் தம்பியை அடித்தால் அது வீட்டு விவகாரமா?

மேற்கு நாடுகளை நம்புங்கள் என்றும் நாங்கள் சொல்லவில்லை. 2022 ஏப்ரலில் கூகுள் நிறுவனத்தில் தேன்மொழி சௌந்தரராஜன் சாதி பற்றிப் பேசவிருந்தார். உள்ளே இருந்த சிலர் எதிர்த்ததும் நிகழ்ச்சி ரத்தானது. 2023இல் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய சாதிப் பாகுபாட்டுத் தடை மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பிவிட்டார். சாதி விமானம் ஏறிப் போயிருக்கிறது, வாய்ப்பூட்டும் கூடவே போயிருக்கிறது.

சரி, கருத்துரிமை என்றால் சாதிப் பெயர் சொல்லித் திட்டவும் உரிமை உண்டா? மாணவர்கள் எங்களிடம் அதிகம் கேட்பது இதைத்தான். இல்லை. கடவுளை, சாத்திரத்தை, சாதிப் பெருமையை விமர்சிப்பது கீழிருந்து மேல்நோக்கி எழுகிற குரல். சாதிப் பெயர் சொல்லி இழிவுசெய்வது மேலிருந்து விழுகிற அடி. 'மனம் புண்பட்டது' என்ற ஒரே தராசில் இரண்டையும் நிறுக்கக் கூடாது. ஐ.நா. முன்னெடுப்பில் 2012இல் உருவான ரபாத் செயல்திட்டம், பேசியவரின் சமூக நிலை, சூழல், நோக்கம், உள்ளடக்கம், பரவல், தீங்கு நேரும் வாய்ப்பு என ஆறு அளவுகோல்களைச் சொல்கிறது. யார் பேசுகிறார், எங்கே நின்று பேசுகிறார் என்பதைக் கணக்கில் எடுக்கும் அளவுகோல் இது. நம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் உயிரும் அதுதான்.

ஆகவே பன்னாட்டு அமைப்புகளிடம் நாங்கள் கேட்பது இவைதான்.

ஒன்று, ஆலோசனைத் தகுதிக்கான விண்ணப்பத்துக்குக் காலக்கெடு வேண்டும். கேள்விகளுக்கும் எல்லை வேண்டும். இரண்டே அமர்வுகளில் முடிவு சொல்லாவிட்டால் விண்ணப்பம் தானாகவே மன்றத்தின் வாக்கெடுப்புக்குப் போக வேண்டும்.

இரண்டு, தனிநபர் முறையீட்டு வழிகளை ஏற்கும்படி நாடுகளை நெருக்க வேண்டும். குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையில் 1979இல் சேர்ந்த இந்தியா, அதன் முறையீட்டு நெறிமுறையில் இன்றுவரை சேரவில்லை. உரிமை உண்டு, ஆனால் பறிபோனால் அந்தக் குழுவிடம் முறையிட வழியில்லை. சாவி இல்லாத வீட்டுக்குப் பத்திரம் மட்டும் எதற்கு?

மூன்று, ஐ.நா.வில் பேசியவர்களைத் தாய்நாட்டில் பழிவாங்கினால் அதற்கு விலை இருக்க வேண்டும். பழிவாங்கல்களைப் பட்டியலிட்டுப் பொதுச்செயலாளர் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறார். பட்டியல் மட்டும் போதாது. அதில் மீண்டும் மீண்டும் இடம்பெறும் நாட்டுக்கு, அமைப்புகளை வடிகட்டும் குழுவில் நாற்காலி கிடைக்கக் கூடாது.

நான்கு, எங்கள் மொழியில் கேளுங்கள். ஐ.நா.வுக்கு ஆறு அலுவல் மொழிகள். அவற்றில் ஒன்றும் தெரியாத துப்புரவுத் தொழிலாளியின் சாட்சியம், ஆங்கிலம் தெரிந்த எங்களைப் போன்றவர்கள் வழியாகத்தான் அங்கே போகிறது. போகும் வழியில் அவர் கோபம் 'கவலை' ஆகிவிடுகிறது. இது நாங்கள் எங்களையும் சேர்த்தே வைக்கிற குற்றச்சாட்டு.

தோழர்களே, ஜெனீவா நமக்கு விடுதலை வாங்கித் தராது. ஆனால் ஊர்க்கூட்டத்திலும் காவல் நிலையத்திலும் மறுக்கப்பட்ட பேச்சை உலகத்தின் முன் வைக்க அது ஒரு மேடை. அந்த மேடையில் ஏற 15 ஆண்டுகள் பிடித்தன. ஏறியாயிற்று. இனி அங்கே யார் பேசுகிறார்கள், யாருக்காகப் பேசுகிறார்கள் என்று கண்காணிப்பது நம் வேலை. படிவங்களைப் படியுங்கள், அறிக்கைகளை எழுதுங்கள், சேரியில் வாசித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

ஜெய்பீம்.